முன்னால் வரும் மரியாதை

நேயர்களுக்கு வணக்கம். உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களில் கடைகளிலும் தங்கும் விடுதிகளிலும் வேலை பார்ப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பேச்சு ஆங்கிலம் கற்றுக்கொடுத்து வருகிறேன். அதற்கு முன் நானும் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் நின்றவள்தான். நம்மவர்கள் ஆங்கிலம் பேசும்போது இலக்கணம் தவறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. தமிழில் நாம் பேச்சோடு பேச்சாகக் கொடுக்கும் மரியாதை ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் விழுந்துவிடுகிறதே, அதுதான் என் கவலை.

அந்த விடுதியில் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு மழைநாள் மாலையில், வயதான கணவனும் மனைவியும் நனைந்த குடையோடு உள்ளே வந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள். நான் அவர்களைப் பார்த்து, “சிட்” என்றேன். பிறகு “வெயிட்” என்றேன். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “கிவ் ஐடி கார்டு” என்றேன். என் மனத்துக்குள் ஓடியது வேறு: உட்காருங்கம்மா, கொஞ்சம் இருங்க, அடையாள அட்டையைக் கொடுங்க. மறுநாள் காலையில் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, விருந்தினரிடம் அதட்டிப் பேசினாயா என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் செய்த தவறு என்ன என்பதே எனக்கு விளங்கவில்லை. விளங்கப் பல மாதங்கள் ஆயின.

தமிழில் மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது. ‘உட்கார்’ என்பது கட்டளை. ‘உட்காருங்க’ என்றால் அதுவே உபசாரம். அந்த ஒரு ‘ங்க’ போதும். ஆங்கில வினைச்சொல்லுக்கு அப்படி ஒரு வால் கிடையாது. குழந்தையைக் கூப்பிட்டாலும் பெரியவரைக் கூப்பிட்டாலும் ‘கம்’ என்பது ‘கம்’தான். அதனால் ஆங்கிலம் மரியாதையைப் பின்னால் ஒட்டாமல் வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது: ‘மே ஐ’, ‘கேன் யூ ப்ளீஸ்’, ‘வுட் யூ லைக்’. நாம் ‘ங்க’வைக் கழற்றிவிட்டு மிச்சமிருக்கும் வேர்ச்சொல்லை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுக்கிறோம், கேட்பவர் காதில் அது ‘உட்கார், நில், கொடு’ என்றே விழுகிறது. கடைசியில் ஒரு ‘சார்’ சேர்த்தால் கொஞ்சம் மென்மையாகும், ஆனால் ‘வெயிட் சார்’ என்பது அப்போதும் கட்டளைதான்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியவை இவை: “ப்ளீஸ் ஹேவ் எ சீட்.” “ஐ வில் பி வித் யூ இன் டூ மினிட்ஸ்.” “மே ஐ சீ யுவர் ஐடி கார்டு, ப்ளீஸ்?” இவற்றில் கடினமான சொல் எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் தெரிந்த சொற்கள்தாம். இரண்டு நிமிடம் என்று சொன்னால் இரண்டு நிமிடத்தில் திரும்பி வர வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்; நம் ஊரில் ‘ஒரு நிமிஷம்’ என்பதற்குக் கணக்கே இல்லை, வெளியூர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

நீலகிரியில் இப்படி ஒரு கட்டளை ஆங்கிலம் பரவியதற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் இருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இந்த மலைக்கு வந்தார். அவருக்குப் பின் பங்களாக்களும் தோட்டங்களும் கிளப்புகளும் வந்தன. சமையலறையிலும் தோட்டத்திலும் வேலை செய்த நம் முன்னோர்களின் காதில் விழுந்த ஆங்கிலம் பெரும்பாலும் ஏவல் ஆங்கிலமாகவே இருந்திருக்கும்: கொண்டு வா, எடுத்துப் போ, கதவைச் சாத்து. ஒருவரை அமரச் சொல்லி, என்ன வேண்டும் என்று பரிவோடு கேட்கும் ஆங்கிலம் அவர்களைப் பார்த்துப் பேசப்பட்டிருக்காது. கேட்காத மொழியை எப்படிப் பேசுவது? ஆகவே இதில் கூச்சப்பட வேண்டியது யாரும் இல்லை. அன்று கிடைக்காததை இன்று நாமே தேடிக் கற்றுக்கொள்கிறோம்.

அடுத்தது, ‘யெஸ்’, ‘நோ’ என்னும் இரண்டு சிறு சொற்கள். என்னிடம் படித்த ஒரு பெண் தேநீர்க் கடையில் வேலை செய்கிறாள். ஒரு வாடிக்கையாளரிடம், “யூ டோன்ட் வான்ட் சுகர்?” என்று கேட்டாள். அவர், “நோ” என்றார். இவள் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டாள். அவர் சர்க்கரை நோயாளி. ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இதில் யார் மீதும் குற்றமில்லை. ‘சர்க்கரை வேண்டாமா?’ என்று தமிழில் கேட்டால், வேண்டாதவர் பெரும்பாலும் ‘ஆமாம், வேண்டாம்’ என்பார். நாம் சொன்னதை ஒத்துக்கொள்கிறார். ‘இல்லை’ என்று தொடங்கினால் ‘இல்லை இல்லை, போடுங்க’ என்று வரும் என நம் காது எதிர்பார்க்கிறது. ஆங்கிலத்தில் ‘நோ’ என்பது நம் கேள்வியை மறுக்கும் சொல் அன்று; சர்க்கரையை மறுக்கும் சொல். இந்த வேறுபாட்டை விளக்கிப் பாடம் நடத்துவதைவிட, எதிர்மறையாகக் கேட்பதையே விட்டுவிடுவது நல்லது. “வித் சுகர் ஆர் வித்அவுட் சுகர்?” என்று கேட்டால் பதிலில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

எண்களிலும் அப்படித்தான். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் சந்தை இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும். ‘ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன்’ என்று பிரித்துச் சொல்லுங்கள், அல்லது கால்குலேட்டரில் காட்டிவிடுங்கள்.

நம் மலையில் வேலை செய்பவர்களுக்கு மற்ற ஊர்களைவிட அதிகமாகத் தேவைப்படுவது, இல்லை என்பதை இதமாகச் சொல்லும் ஆங்கிலம். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே தடைசெய்யப்பட்டது. 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற ஆணைப்படி, வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். இவற்றை நாள் முழுவதும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், “நோ பாட்டில்”, “நோ பாஸ், நோ என்ட்ரி” என்று முடித்துவிடுகிறோம். வந்தவருக்கோ முதல் முறை கேட்கும் செய்தி அது. “சாரி மேடம், ப்ளாஸ்டிக் பாட்டில்ஸ் ஆர் நாட் அலௌட் இன் த நீல்கிரிஸ். யூ கேன் ஃபில் யுவர் பாட்டில் ஹியர்” என்று தண்ணீர் ஏடிஎம்மைக் கைகாட்டிச் சொன்னால் அவர் முகம் வாடாது. மறுக்கும் வாக்கியத்தோடு நிறுத்தாமல், அடுத்து என்ன செய்யலாம் என்னும் வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மலை ரயிலைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இரண்டு வாக்கியம் தயாராக இருக்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் ஓடத் தொடங்கிய ரயில் அது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ‘ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?’ என்று கேட்பவரிடம், “இட் க்ளைம்ஸ் வித் எ டூத்ட் வீல்” என்று சொல்லி, இரண்டு கை விரல்களையும் ஒன்றோடொன்று கோத்துக் காட்டினால் போதும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களைப் பிடித்து ஏறுவது அவருக்குப் புரிந்துவிடும்.

வெள்ளைக்காரரைப் போல் நாக்கைச் சுழற்ற வேண்டுமா என்று வகுப்பில் தவறாமல் கேட்பார்கள். வேண்டாம். இங்கே வருகிறவர்களில் பலர் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் படித்து வந்த மொழிதான். நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும்படி பேசினால் போதும். உதகை மார்க்கெட்டில் கேரட்டும் பீட்ரூட்டும் விற்பவர் வீட்டில் படுக மொழி பேசுவார், பக்கத்துக் கடைக்காரரிடம் தமிழ் பேசுவார், கூடலூர் வழியாக வருபவரிடம் மலையாளமும் குண்டல்பேட்டைக்காரரிடம் கன்னடமும் பேசுவார். இவற்றை எல்லாம் அவர் எந்த வகுப்பில் கற்றார்? எதிரில் நின்றவர் சொன்னதைக் காதில் வாங்கி, திருப்பிச் சொல்லிச் சொல்லிக் கற்றார். ஆங்கிலத்திடம் மட்டும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

நாளை கடை திறந்ததும் பில் புத்தகத்தின் பின்னட்டையில் மூன்று வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். “குட் மார்னிங், ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?” “வுட் யூ லைக் டு சீ சம்திங் எல்ஸ்?” “ஐ வில் செக் அண்ட் டெல் யூ.” முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், மனத்துக்குள் சொன்னால் நாக்குக்குப் பழகாது. அந்தத் தேநீர்க் கடைப் பெண் அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கும் வரை இப்படித்தான் சொல்லிப் பழகுகிறாள். நன்றி, வணக்கம்.