விற்கப்போகும் வீட்டில் எதில் காசு போடலாம், எதில் போட வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டை விற்பது என்று முடிவானதும் பலர் முதலில் பெயின்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். உண்மையில் அது கடைசியில் வரவேண்டிய வேலைகளில் ஒன்று. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் வீட்டையும் தோட்டத்தையும் எப்படித் தயார் செய்வது, எதை முன்னால் வைப்பது, எதில் கையே வைக்கக் கூடாது என்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன். நடுவில் அளவுகள் வரும். காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

வீடு பார்க்க வந்தவர் ஒரு குழாய் சொட்டுவதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாஷர் மாற்றும் செலவை மட்டும் அவர் விலையில் கழிப்பதில்லை. 'இதையே கவனிக்காதவர் சுவருக்குள் ஓடும் குழாயை எங்கே கவனித்திருப்பார்?' என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. பேரத்தில் நம்மை இறக்குவது அந்தச் சந்தேகம்தான். ஆகவே பணம் குறைவாக இருந்தால், அழகுக்குச் செலவழிப்பதற்கு முன் சந்தேகத்தைப் போக்கச் செலவழியுங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நாளைத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். செடி நம் அவசரத்துக்கு வளராது. ஆட்கள் வீடு பார்க்க வரத் தொடங்கும் நாளுக்கு 6 வாரம் முன்பே இதைத் தொடங்குங்கள். புல்தரையில் மண் தெரிகிற இடங்களைக் கொத்தி, புல் விதை தூவி, மேலே மெல்லிசாக மண் தூவுங்கள். முளைக்கிற வரை மேல்மண் காயக் கூடாது. பச்சையாகக் கண்ணில் படப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். புல் அரை அடிக்கு வளர்ந்து கிடக்கிறது என்றால் ஒரே நாளில் ஒட்ட வெட்டிவிடாதீர்கள். அடித்தண்டில் பச்சை இருக்காது. வெட்டிய பிறகு தரை முழுக்கப் பழுப்பாகத்தான் தெரியும். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்தது நான்கைந்து நாள் கழித்து, இப்படி இறக்க வேண்டும்.

ஜன்னலை மறைத்து வளர்ந்த புதர்களையும் வேலிச்செடிகளையும் இதே வாரத்தில் கவாத்து செய்யுங்கள். வெட்டியதும் சில வாரங்களுக்கு மொட்டையாகத்தான் நிற்கும், துளிர்க்க நேரம் வேண்டும். ஊசியிலை வேலிச்செடிகளில் மட்டும் எச்சரிக்கை. உள்ளே இலை இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அவற்றில் பல மறுபடி துளிர்ப்பதே இல்லை.

இனி தண்ணீருக்கு வருவோம். வாங்குபவரை மிரட்டுவதில் ஓதத்தை, அதாவது சுவரில் ஊறும் ஈரத்தை, மிஞ்சியது கிடையாது. சுவரில் பெயின்ட் பொரிந்திருந்தால், ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று அர்த்தம். அதற்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை, காற்றோட்டம்தான் மருந்து.

உள்ளிருந்து வரும் ஈரம் என்றால் சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். குளியலறைக் குழாயாக இருக்கலாம், மழைநீர்க் குழாயின் இணைப்பு விட்டிருக்கலாம். பலருக்குத் தோன்றாத காரணம் ஒன்று உண்டு: தோட்டப் பாத்தி. மண்ணைச் சுவரோடு சேர்த்து அணைத்து வைத்து, அதற்குத் தினமும் தண்ணீரும் ஊற்றினால் சுவர் அதைக் குடிக்காமல் என்ன செய்யும்? சுவரை ஒட்டிய மண், வீட்டின் தரைமட்டத்தைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து வெளிப்பக்கமாக 10 அடி தூரத்துக்கு அரை அடி இறக்கம் இருந்தால் மழைநீர் வீட்டை விட்டு விலகி ஓடும். மண்வெட்டியும் ஒரு நாள் உழைப்பும் போதும், காசே இல்லாத வேலை.

காரணத்தை நிறுத்திய பிறகும் சுவர் உடனே காயாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிவிடுங்கள். ஈரச் சுவரில் பட்டி, அதாவது சுவரை நிரவும் மாவு, வைத்துப் பூசி மெழுகுகிற வேலை மட்டும் வேண்டாம். சில வாரத்தில் அதே இடம் பொரிந்துவிடும். தெரிந்த குறையை மறைத்து விற்பது பல நாடுகளில் சட்டச் சிக்கலும்கூட. சுவர் காய்வதற்குள் ஆள் வந்துவிட்டால், எது பழுதாகியிருந்தது, என்ன சரிசெய்தோம் என்பதை நேராகச் சொல்லிவிடுவதே லாபம்.

சொட்டும் குழாய்க்கு முதலில் வாஷர். பழைய மாதிரித் திருகுக் குழாயில் வாஷரை மாற்றியும் சொட்டினால், வாஷர் உட்காரும் உள்வாய் தேய்ந்திருக்கிறது. இன்னொரு வாஷர் போட்டுப் பயனில்லை. கால் சுற்றில் திறக்கும் குழாய் என்றால் வாஷர் இருக்காது, உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், அளவு பல வகை. கழிப்பறைத் தொட்டி ரகசியமாக ஒழுகுகிறதா என்று பார்க்க, தொட்டிக்குள் சில சொட்டு உணவுச் சாயம் விட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியில் மூடும் ரப்பர் தேய்ந்துவிட்டது.

குளியலறையில் டைல்ஸைப் பெயர்க்கத் தேவையே இல்லை. கண்ணை உறுத்துவது பெரும்பாலும் டைல்ஸ் அல்ல, நடுவில் இருக்கும் கறுத்த கோடுகள். அந்த கிரவுட்டை 2, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசி போகத் துடைத்து, புது கிரவுட்டை ரப்பர் பட்டையால் குறுக்காக இழுத்து அழுத்துங்கள். நேராக இழுத்தால் பட்டையின் விளிம்பு கோட்டுக்குள் புகுந்து, வைத்ததையே வாரி எடுத்துவிடும். ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. மூலைகளிலும் தொட்டி ஓரத்திலும் உள்ள சிலிக்கான் கறுத்திருந்தால் முழுவதும் அறுத்தெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே புதிதாக இழுக்க வேண்டும். பழையதன் மேல் புதுசு ஒட்டாது. உப்புக் கறைக்கு வினிகரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போர்த்தி வைத்தால் இளகிவிடும். ஆனால் தரை மார்பிள் என்றால் வினிகரோ ஆசிடோ கிட்டவே வரக் கூடாது, பளபளப்பு அரித்துப் போய்விடும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: பிளீச்சிங்கையும் ஆசிடையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கதவுகள். வருகிறவர் கையால் தொட்டுப் பார்ப்பது அவற்றைத்தான். கதவு தரையில் உரசினால் இழைப்புளியைத் தேடாமல் மேல் கீலைப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் திருகு தளர்ந்திருக்கும். திருகைக் கழற்றி, ஓட்டைக்குள் மரப்பசை தோய்த்த தீக்குச்சிகளை மருந்துமுனை இல்லாமல் நெருக்கமாகச் செருகி, காய்ந்ததும் ஒட்ட நறுக்கிவிட்டுத் திருகை ஏற்றினால் கடித்துப் பிடிக்கும். மழைக்காலத்தில் மட்டும் இறுகும் கதவை இழைக்கவே வேண்டாம். வெயில் காலத்தில் மரம் சுருங்கி, இடுக்கு வழியாக அடுத்த அறை தெரியும்.

பெயின்ட்டை இப்போது எடுக்கலாம். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவுக்கும் இரண்டு ஜன்னலுக்கும் 50 சதுர அடி கழியுங்கள். மீதி 390, இரண்டு கோட்டுக்கு 780. வழவழப்பான சுவரில் 1 லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு 110 சதுர அடி போலப் பிடிக்கும். ஆக 7 லிட்டரைச் சுற்றி வருகிறது. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் யாரும் 12 லிட்டர் வாங்க வைக்க முடியாது.

விரிசலின் மேல் அப்படியே பட்டி தடவினால் நிற்காது. சுரண்டியின் முனையால் விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசி தட்டி, பட்டியை உள்ளே அழுத்திவிட்டு, காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, அந்த இடத்துக்கு பிரைமர் வையுங்கள். பிரைமர் வைக்காத பட்டி பெயின்ட்டை உறிஞ்சிக்கொள்ளும். வெளிச்சம் சாய்வாக விழும்போது அந்தத் திட்டுகள் மட்டும் மங்கலாகத் தெரியும். எல்லா அறைக்கும் பணம் போதாது என்றால் அழுக்கான சுவரை மட்டும் அடியுங்கள், ஆனால் மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவராக. டப்பாவில் மிச்சமிருந்த அதே நிறமானாலும் நடுவில் ஒட்டுப்போட்டால் தெரியும், ஏனென்றால் சுவரில் இருப்பது வெளுத்திருக்கும். நிறத்தில் பரிசோதனை வேண்டாம். வெள்ளையோடு ஒட்டிய ஏதாவது ஒரு நிறம் போதும். உங்களுக்குப் பிடித்த கரும்பச்சையை அடுத்த வீட்டில் அடித்துக்கொள்ளலாம்.

பல்புகளை எண்ணிப் பாருங்கள். ஒரே அறையில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று நீலவெள்ளையாகவும் எரிந்தால் புதுப் பெயின்ட்கூட அழுக்காகத் தெரியும். அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண் போட்டிருக்கும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையலறைக்கும் குளியலறைக்கும் 4000 என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். கொசுவலைச் சட்டங்களைக் கழற்றிக் கழுவினாலே அறைக்குள் வெளிச்சம் ஏறும்.

சமையலறையைப் புதிதாகக் கட்டாதீர்கள். போட்ட பணம் முழுசாகத் திரும்புவது அபூர்வம். வாங்குபவர் தன் ருசிக்கு அதை இடித்தாலும் இடிப்பார். அலமாரிக் கதவு கோணலாக நின்றால் உள்ளே மறைந்திருக்கும் கீலில் சரிசெய்வதற்கென்றே திருகுகள் உண்டு, திருப்புளியால் ஒரு திருப்பு திருப்பினால் நேராகும். கைப்பிடிகளை மாற்றலாம், ஆனால் முதலில் இரண்டு துளைகளுக்கும் இடையே மையத்திலிருந்து மையத்துக்கு அளந்துகொள்ளுங்கள். 96, 128 மில்லிமீட்டர் அதிகம் கிடைப்பவை. அளவு தப்பினால் பழைய துளையை அடைப்பதே பெரிய வேலையாகிவிடும்.

சாமான்களைக் குறைப்பது பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நடக்கும் வழி எங்கும் 3 அடி இருக்க வேண்டும், இடிக்கிற மேஜை வெளியே போகட்டும். அலமாரிகளைப் பாதியாக்குங்கள், திறந்து பார்ப்பார்கள். எடுத்ததை எல்லாம் ஒரே அறையில் திணித்துப் பூட்டுவதுதான் வழக்கமான தப்பு. பூட்டிய அறை என்றாலே அடுத்த சந்தேகம்.

கடைசி வாரத்தில் மறுபடி வெளியே வாருங்கள். கேட்டில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் உதிரும் வரை தேய்த்து, துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதன் மேல் எனாமல் மெல்லிசாக இரண்டு கோட். ஒரே தடவையாகக் கனமாக அடித்தால் மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரம் நின்று சுருங்கிவிடும். பாத்திகளில் களை எடுத்து 2 அங்குலம் மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் சருகு மாதிரியான பொருள், போடுங்கள். 100 சதுர அடிக்குச் சுமார் 17 கன அடி பிடிக்கும். மரத்தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் போட வேண்டும், ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும். பாவுகல்லில் பாசியை எடுக்க நீர்ப்பீச்சி பயன்படுத்தினால் ஒரு அடி தள்ளியே பிடியுங்கள், கிட்டே பிடித்தால் இடுக்கு மணல் பறந்து கல் ஆட ஆரம்பிக்கும். வாசலுக்குப் பூச்செடி வாங்குவதானால் பூத்துக் குலுங்குவதை வாங்காமல் மொட்டாக இருப்பதை வாங்குங்கள். பத்து சின்னத் தொட்டிக்குப் பதில் இரண்டு பெரிய தொட்டி போதும், தண்ணீர் ஊற்றுவதும் சுலபம்.

விளம்பரத்துக்கான படங்களைப் பகலில், எல்லா விளக்கையும் போட்டு, செல்போனை நெஞ்சு உயரத்தில் நிமிர்த்திப் பிடித்து, அறையின் மூலையிலிருந்து எடுங்கள். மிக அகலமாகக் காட்டும் லென்ஸ் வேண்டாம். படத்தில் மண்டபமாகத் தெரிந்த கூடத்தை நேரில் பார்ப்பவர் ஏமாந்த முகத்தோடுதான் உள்ளே நடப்பார்.

ஆட்கள் வருகிற நாளன்று அரை மணி நேரம் முன்பே ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பயன்படுத்தாத குளியலறையில் தரை வடிகாலுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போனால் சாக்கடை வாசம் நேராக மேலே வரும். வாசனை ஸ்ப்ரே அடிக்காதீர்கள், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். என்ன பழுது, எந்தத் தேதியில் யார் சரிசெய்தார், என்ன பொருள் போட்டார் என்று ஒரு தாளில் எழுதி, ரசீதுகளோடு மேஜை மேல் வையுங்கள். பேரம் பேசும்போது 'இங்கே ஈரம் இருந்திருக்கும் போலிருக்கே' என்று அவர் ஆரம்பித்தால், அந்தத் தாளை எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.