காலண்டரில் ஒரு சுழி

நடுவர் அவர்களே, வணக்கம். வீட்டு வேலை செய்பவருக்கு மதிப்பைத் தருவது அன்பா, உரிமையா என்பது தலைப்பு. நான் உரிமை அணி. எதிரணித் தோழி, “வேலைக்கு வரும் அக்கா எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி” என்று உருகினார். நானும்தான் கைதட்டினேன். அப்புறம்தான் உறுத்தியது: வீட்டில் ஒருத்திக்கு ஜன்னலோரம் தனி டம்ளர் எதற்கு?

அடுத்த வீட்டைச் சொல்லவில்லை, என் வீட்டையே சொல்கிறேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் பாக்கெட் கூடுதலாக வாங்கிய நாளுக்கு டிக். அக்கா வராத நாளுக்குச் சுழி. ஒன்றாம் தேதி அம்மா சுழிகளை எண்ணிச் சம்பளத்தில் கழிப்பார். பொங்கலுக்கு ஊரிலிருந்து 12 பேர் வந்து, சிங்க் தாண்டித் தரையிலும் பாத்திரம் குவிந்ததே, அந்த நாலு நாளுக்கு? ஒரு குறியும் இல்லை. அது அன்புக் கணக்காம்! பழைய புடவை ஒன்று கொடுத்தோம், அதோடு சரி.

“வீட்டுக்குள் சட்டம் எதற்கு?” என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அது எப்போதோ வந்துவிட்டது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இலேயே நலவாரியம். 2018-இல் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் வீட்டையும் பணியிடம் என்கிறது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு என்று 2011-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கையே போட்டது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. நாமும் அன்பானவர்கள்தானே, அதனால் வசதியாகிவிட்டது.

சென்னைக்குள் இருந்த குடிசைவாசிகளை நகரின் ஓரத்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வேலை இங்கேயே இருந்துவிட்டது. பெருக்கித் துடைப்பதற்கு முன்னால் பஸ்ஸில் நின்றே வரும் நேரத்தை எந்த அன்பு கணக்கில் வைத்தது?

போன மாதம் எங்கள் அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காலண்டர் முன்னால் நின்றார். “ஞாயித்துக்கிழமை இனிமே வரமாட்டேம்மா. சுழி போடாதீங்க.” அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை மூடி வைத்தார்.

அன்பு குறைந்துவிட்டதா, நடுவர் அவர்களே? இல்லை. அன்றும் காபி கொடுத்தார். அதே டம்ளரில்தான். அதைப் பற்றி அக்கா இன்னும் கேட்கவில்லை. கேட்பார்.