கீறலுக்குச் சிறை இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

காரைப் பின்னோக்கி எடுக்கிறீர்கள். 'டக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், நிறுத்தியிருந்த காரின் பம்பரில் உங்கள் வண்டியின் பெயின்ட் ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டியிருக்கிறது. அந்தக் காரில் யாரும் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை. அடுத்த அரை நிமிடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இப்படிக் கிளம்பிப் போய்விட்டு, பிறகு சம்மனோடு வழக்கறிஞரைத் தேடி வருகிறவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் நல்ல மனிதர்கள். பதற்றத்தில் போய்விட்டார்கள், அவ்வளவுதான். "சின்னக் கீறல்தானே ஐயா, இதற்கா வழக்கு?" என்று கேட்பார்கள். கீறலுக்கு வழக்கு இல்லை. கீறல் பணத்தோடு தீர்கிற விவகாரம். நீங்களோ உங்கள் காப்பீட்டு நிறுவனமோ கொடுத்தால் முடிந்தது. வழக்கு, நிற்காமல் போனதற்கு. உரசியது கவனக்குறைவு, போனது தெரிந்தே செய்த செயல் என்றுதான் சட்டம் பார்க்கிறது. அதனால்தான் சேதம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்தக் குற்றம் மறைந்துபோவதில்லை.

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், 1988-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 134-ஆவது பிரிவு, ஆளுக்குக் காயம் பட்டால் மட்டும் பொருந்துவது என்று பலர் நினைக்கிறார்கள். மற்றவரின் சொத்துக்குச் சேதம் என்றாலும் அது பொருந்தும். சம்பவ இடத்தில் காவலர் இல்லையென்றால், அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் 187-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு மூன்று மாதம், 500 ரூபாய் என்று இருந்ததை 2019-இல் திருத்தி உயர்த்தினார்கள். அதே தவறுக்கு மறுபடியும் தண்டிக்கப்பட்டால் ஓராண்டு வரை போகலாம்.

பிரிட்டனில் நிற்காமல் போவது ஒரு குற்றம், புகார் செய்யாமல் இருப்பது தனியே இன்னொரு குற்றம். சிறைத் தண்டனை ஆறு மாதம் வரை. ஓட்டுநர் உரிமத்தில் ஐந்து முதல் பத்து வரை தண்டனைப் புள்ளிகளும் ஏறும். ஜெர்மனி இன்னும் கடுமை. அங்கே இது குற்றவியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவு. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம். பெயரையும் தொலைபேசி எண்ணையும் சீட்டில் எழுதிக் கண்ணாடித் துடைப்பானில் செருகிவிட்டுப் போனால்கூட அங்கே போதாது. நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும். உரியவர் வராவிட்டால் உடனே அவருக்கோ காவல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். சீட்டு மழையில் நனைந்து கிழிந்தால் யார் பொறுப்பு? அந்தக் கேள்வியை நினைத்தால், கடுமைக்குக் காரணம் விளங்குகிறது.

இந்த நாடுகளோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, 31-ஆவது பிரிவில், பொருட்சேதம் மட்டும் நேர்ந்து உரியவர் அங்கே இல்லையென்றால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது: இயன்றவரை அந்த இடத்திலேயே பெயரையும் முகவரியையும் தர வேண்டும்; எப்படியும் விரைவில் அவருக்கு நேரடியாகவோ, அது முடியாதபோது காவல் துறை மூலமாகவோ தெரியப்படுத்த வேண்டும்.

இனி, மக்களை ஓடவைக்கும் பயங்களுக்கு வருகிறேன். "நின்றால் தப்பு என் மேல்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா?" ஆகாது. பெயரும் முகவரியும் வண்டி விவரமும் கொடுப்பது கடமை. தவறு யாருடையது என்பது பிறகு முடிவாக வேண்டியது. பதற்றத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டு வண்டிகளும் நிற்கும் நிலையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

"கூட்டம் கூடி அடித்துவிட்டால்?" இந்தப் பயம் பொய் இல்லை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். இந்தியச் சட்டமே அதை அறிந்திருக்கிறது. காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்யும் கடமையைச் சொல்லும் இடத்தில், கூட்டத்தின் ஆத்திரத்தால் இயலாமல் போனால் விலக்கு என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஏன் இயலவில்லை என்பதையும் காவல் நிலையத்தில் சொல்லியாக வேண்டும். அதாவது, உயிருக்கு அஞ்சி விலகினால், வண்டி போய் நிற்க வேண்டிய இடம் காவல் நிலையம். வீட்டு வாசல் அல்ல.

உரசியதே தெரியாமல் போனவர்? 1948-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒரு வாகனத்தின் பின்னால் இழுத்துச் சென்ற டிரெய்லர், நின்றிருந்த காரில் மோதியது. இழுத்த வண்டியின் இரைச்சலில் ஓட்டுநருக்கு எதுவும் கேட்கவில்லை. விபத்து நடந்ததே தெரியாதவர் அதைப் புகார் செய்யவில்லை என்று தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் இதை எல்லோரும் கேடயமாகப் பிடிக்க முடியாது. இறங்கிப் பார்த்து, பம்பரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஏறிப் போவது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தால், "தெரியாது" என்ற சொல் நிற்காது. அதோடு, ஏன் ஓடினார், குடித்திருந்தாரா, உரிமம் இல்லையா என்ற கேள்விகளும் வரிசையில் வந்து நிற்கும். நின்றிருந்தால் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில், நேற்று மாலையோ இன்று காலையோ அப்படிக் கிளம்பி வந்துவிட்ட ஒருவர் இருக்கலாம். அவருக்கு இதைச் சொல்கிறேன். 24 மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதுவரை பொறுத்திருக்கலாம் என்று பொருள் இல்லை. ஓடும் போக்குவரத்துக்கு வெளியே, வாகன நிறுத்துமிடம் போன்ற இடத்தில், சிறு பொருட்சேதம் மட்டும் நேர்ந்து, 24 மணி நேரத்துக்குள் தானாக முன்வந்து சொன்னவருக்கு ஜெர்மன் சட்டம்கூடத் தண்டனையைக் குறைக்கிறது. நீதிமன்றம் விரும்பினால் தண்டிக்காமலே விடலாம். கெடு கடந்துவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வழக்கறிஞரோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். உரிமம், வண்டியின் பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள் மூன்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் நாள், நேரம், இடம் மூன்றையும் குறிப்பிடுங்கள். உங்கள் வண்டியின் பம்பர் அதுவரை அப்படியே இருக்கட்டும். துடைக்கவோ பெயின்ட் அடிக்கவோ வேண்டாம்.

நன்றி, வணக்கம்.