எட்டாவது அத்தியாயத்தில் நின்றுபோன நாவல்: ஒரு வாசகியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்று முதலில் எடுத்துக்கொள்ளும் கேள்வி, சின்னாளப்பட்டியைச் சேர்ந்த ஒரு சகோதரி அனுப்பியது. அவர் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறார். தம் தாயாரின் நெசவு வாழ்க்கையை வைத்து ஒரு நாவலைத் தொடங்கி ஏழு அத்தியாயங்கள் எழுதியிருக்கிறார். எட்டாவது அத்தியாயத்தில், வீட்டுத் தரையில் குழி வெட்டி அமைத்திருந்த கைத்தறியான குழித்தறி விலைபோக வேண்டும்; அந்த இடத்தில் எட்டு மாதங்களாக நின்றுபோயிருக்கிறார். “தினமும் அதிகாலையில் ஒரே நேரத்தில் எழுதச் சொல்கிறார்கள். எனக்கோ ஒரு வாரம் காலைப் பணி, ஒரு வாரம் மாலைப் பணி, ஒரு வாரம் இரவுப் பணி. உட்காரும்போதெல்லாம் முதல் அத்தியாயத்தையே திருத்திக்கொண்டிருக்கிறேன். வீட்டிலும் இதை ஒரு வேலையாக யாரும் மதிப்பதில்லை. எழுதுவதை விட்டுவிடலாமா?” என்று கேட்கிறார்.

விட வேண்டாம், சகோதரி. அதிகாலையில் எழுதும் பழக்கம், இரவில் உறங்கக் கிடைத்தவர்களுக்கு உரியது. இரவு முழுவதும் வார்டில் நின்றுவிட்டு வருபவருக்கு விடியற்காலை உறங்க வேண்டிய நேரம். அந்த அறிவுரையைப் பின்பற்ற முடியாததை உங்களுடைய குறையாக எண்ணி எட்டு மாதங்கள் வருந்தியிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது. அந்த வருத்தத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

நானும் அலுவலகப் பணியில் இருந்துகொண்டே எழுதியவன். பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கிய ஒன்றைச் சொல்கிறேன். நம்மைப் போன்றவர்களுக்கு நேரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால், கிடைக்கும் அரைமணி நேரத்தில் இருபது நிமிடங்கள், கதையை எங்கே விட்டோம், யார் எந்த அறையில் நின்றுகொண்டிருந்தார்கள், அடுத்து என்ன நடக்க இருந்தது என்று தேடுவதிலேயே கழிந்துவிடுகின்றன. தேடிக் களைத்த பிறகு, நன்றாகத் தெரிந்த ஒரே இடமான முதல் அத்தியாயத்துக்குப் போய் அங்கே ஒரு சொல்லை மாற்றத் தொடங்குகிறோம். உங்களுக்கு நேர்ந்திருப்பதும் இதுவே என்று நினைக்கிறேன்.

இதற்கான வழியை உங்கள் தாயாரே அறிவார். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு நெய்து முடியும் தறுவாயில், நெசவாளர் அதை, சீப்புப் போல இழைகளைப் பிரித்து வைக்கும் அச்சிலிருந்து முழுவதும் உருவிவிடுவதில்லை. பழைய பாவின் இழை நுனிகளை அச்சிலும், இழைகளை ஏற்றி இறக்கும் விழுதிலும் அப்படியே விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அந்த நுனிகளோடு பிணைத்து இழுத்துக்கொள்கிறார். நுனியை விடாமல் உருவிவிட்டால், அத்தனை இழைகளையும் மீண்டும் முதலிலிருந்து கோக்க வேண்டியிருக்கும். எழுத்திலும் அப்படி ஒரு நுனியை விட்டுவிட்டு எழுந்திருங்கள். ஒரு காட்சியை முழுவதும் முடித்துவிட்டு எழுந்தால் மனத்துக்கு நிறைவாக இருக்கும். மறுமுறை உட்காரும்போதோ முன்னால் வெறும் தாள்தான் இருக்கும். எனவே, அடுத்த இரண்டு வாக்கியங்கள் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். நிறுத்திய இடத்துக்குக் கீழே, உங்களுக்கு மட்டும் புரிந்தால் போதும் என்ற அளவில் மூன்று குறிப்புகளை எழுதி வையுங்கள்: இப்போது காட்சியில் இருப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும், அடுத்து அவர் வாயிலிருந்து வரப்போகும் பேச்சு என்ன. இரவுப் பணி வாரம் முழுவதும் தாளைத் தொடாவிட்டாலும், எட்டாம் நாள் திரும்பி வரும்போது அந்தக் குறிப்பு உங்களை நேரே உள்ளே அழைத்துச் சென்றுவிடும்.

அளவையும் நாள் கணக்கில் வைக்காமல், உட்காரும் தடவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 200 சொற்கள், வாரத்துக்கு நான்கு தடவைகள் என்றால், ஓராண்டில் ஏறத்தாழ 40,000 சொற்கள் சேரும். அது அச்சில் 200 பக்க அளவுக்கு வரக்கூடிய நாவல். இரவுப் பணி வாரங்களைக் கழித்துவிட்டாலும் ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடும். ஆனால், பணிநேரத்தில் எழுத முயல வேண்டாம். அங்கே உங்கள் கவனம் முழுவதும் நோயாளிக்கு உரியது.

உட்காரவே முடியாத நாட்களில் பேசிப் பதிவுசெய்யுங்கள். இதைக் குறுக்குவழியாகக் கருத வேண்டியதில்லை. 1901இல் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாள், தம் முதல் நாடகத்தைத் தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதித்தர உருவாக்கியவர். பின்னர் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். இன்று அந்தத் தோழியின் இடத்தில் உங்கள் கைபேசி இருக்கிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் பத்து நிமிடங்களில் ஓர் உரையாடலைச் சொல்லிப் பதிவுசெய்துவிடலாம். குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வசதியில் ல, ள, ழ மாறிப்போகும், ஒற்று விடுபடும், நிறுத்தக்குறிகள் ஒழுங்காக விழுவதில்லை. அவற்றை விடுமுறை நாளில் திருத்திக்கொள்ளலாம். ஆனால், உங்கள் அம்மாவின் பேச்சு நடை, வாயால் சொல்லும்போது வருகிற அளவுக்குத் தாளில் எளிதில் வருவதில்லை என்பதை நீங்களே உணர்வீர்கள். எழுதியதை வாரம் ஒருமுறை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். ஒரே கணினியில் மட்டும் வைத்திருந்த நாற்பது பக்கங்களை நான் இழந்திருக்கிறேன். அந்தப் பக்கங்கள் அதே வடிவில் எனக்குத் திரும்பி வரவே இல்லை.

முதல் அத்தியாயத்தை இப்போது எடுத்துப் பூட்டி வையுங்கள். திருத்தம் தோன்றினால் தனியாக ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நாவல் எங்கே போய் முடிகிறது என்று தெரியாதபோது, அது எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் முடிவுசெய்ய இயலாது. கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு முதல் அத்தியாயத்தை ஒருமுறை எழுதினால் போதும். இப்போது இருபது முறை திருத்துவது அந்த ஒரு முறைக்கு ஈடாகாது.

வீட்டாரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எழுத்தை மதிக்கும்படி கேட்டால் விவாதம் வளரும். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி முதல் நான்கு மணி வரை என்னை அழைக்க வேண்டாம் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைத்துவிடும். மதிப்பு வரும்போது வரட்டும். அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி எட்டாவது அத்தியாயம். தறியை விற்கும் காட்சியை எழுதக் கை வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் சிறுமியாக நின்று பார்த்த காட்சி என்றும் சொல்கிறீர்கள். கை தயங்குவது இயல்பு. அதை இப்போது தாண்டிச் சென்று, அதற்கு மறுநாளை எழுதுங்கள். குழித்தறியின் மரச்சட்டங்களை விலைக்கு வாங்கியவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நெய்பவர் காலை விட்டு உட்கார்ந்து மிதித்த குழி, வீட்டின் தரையிலேயே கிடக்கும். அந்தக் குழியை எத்தனை நாள் மூடாமல் வைத்திருந்தார்கள், மண்ணை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், மூடியவர் யார், மூடிய இடத்தில் பிறகு எதை வைத்தார்கள் என்று இந்த வார விடுமுறையில் அம்மாவின் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே பதிவுசெய்துகொண்டு, அதிலிருந்து முதல் 200 சொற்களை எழுதுங்கள்.