கையெழுத்துப் போடும் நாளில் கேட்க வேண்டியது

(ஹூஸ்டனில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய பிள்ளைகள் மாநிலப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். இன்னும் சிலருடைய பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தில் போகப் போகிறார்கள். அதை மனதில் வைத்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள், அமெரிக்க ஃபுட்பால் பேச்சு நமக்கெதற்கு என்று எழுந்துவிட வேண்டாம். ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. நான் பேசப் போவது ஒப்பந்தம், பணம், பொறுப்பு பற்றி. அதெல்லாம் நமக்கு நன்றாகவே தெரிந்த சங்கதி.

இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் காலேஜ் ஸ்டேஷன் போய்விடலாம். அங்கே டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்ட் மைதானத்தில் 1,02,733 பேர் உட்காரலாம். கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க அத்தனை இருக்கை. இந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில், அரசுச் சம்பளம் வாங்குபவர்களில் முதலிடம் கவர்னருக்கோ பல்கலைக்கழகத் தலைவருக்கோ இல்லை, ஃபுட்பால் அல்லது கூடைப்பந்து கோச்சுக்குத்தான். அந்த கோச் தோற்றால் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஏ அண்ட் எம் கதையையே எடுத்துக்கொள்வோம். 2017 டிசம்பரில் ஜிம்போ ஃபிஷரைத் தலைமை கோச்சாகப் பத்து வருடத்துக்கு 7.5 கோடி டாலருக்கு எடுத்தார்கள். முழுப் பணத்துக்கும் உத்தரவாதம். 2020-இல் அணி ஒன்பது ஆட்டம் ஜெயித்து ஒன்றில் மட்டும் தோற்றது. நாட்டிலேயே நான்காம் இடம். ஊரெல்லாம் சந்தோஷம். அடுத்த சீசன் தொடங்கும் நேரத்தில், 2021 செப்டம்பரில், ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள். வருடச் சம்பளம் 90 லட்சம் டாலரில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். உத்தரவாதம் அப்படியே இருந்தது. 2022-இல் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. 2023 நவம்பர் 11, சனிக்கிழமை, மிசிசிப்பி ஸ்டேட் அணியை 51-10 என்று இதே கைல் ஃபீல்டில் வீழ்த்தினார்கள். மறுநாள் ஞாயிறு ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பியதற்கு விலை சுமார் 7.6 கோடி டாலர். அறுபது நாளுக்குள் 1 கோடியே 92 லட்சம், அதன் பிறகு 2031 வரை வருடத்துக்கு 72 லட்சம். அவர் வேறு எங்கே வேலைக்குப் போனாலும் ஒரு டாலர்கூடக் குறையாது. இன்று அந்தக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் பிள்ளை பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகும் இந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் கோச் மேல்தான் கோபம் வருகிறது. எனக்கு வரவில்லை. ஒருவர் முன்னால் காகிதத்தை நீட்டி இவ்வளவு தருகிறோம் என்றால், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? தோற்ற சனிக்கிழமையில் கணக்குக் கேட்டுப் பயனில்லை. கணக்குக் கேட்க வேண்டியது ஜெயித்துக்கொண்டிருக்கும் நாளில், அந்தக் காகிதத்தை நீட்டியவர்களிடம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

காகிதம் எப்படி நீட்டப்படுகிறது? ஒரு சீசன் நன்றாகப் போகும். கோச்சின் ஏஜெண்ட் விளையாட்டுத் துறை இயக்குநருக்குப் போன் போடுவார். வேறொரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் காலியாகப் போகிறது, இவர் பெயர் அடிபடுகிறது என்பார். அந்தப் பேச்சு உண்மையா என்று யாரும் விசாரிப்பதில்லை. அப்புறம் இன்னொரு வாதம் வரும். பள்ளியில் ஆடும் பையன் நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறான், கோச்சுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி என்றால் எதிரணிக்காரர்கள் அதைச் சொல்லியே பையனை இழுத்துவிடுவார்கள், அதனால் வருடத்தைக் கூட்டுங்கள் என்பார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் வருடத்தைக் கூட்டுவது வேறு, கூட்டிய அத்தனை வருடச் சம்பளத்துக்கும் உத்தரவாதம் தருவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் விற்கிறார்கள்.

நெப்ராஸ்காவைப் பாருங்கள். அங்கே கோச்சாக இருந்த ஸ்காட் ஃப்ராஸ்ட் அந்த மண்ணின் மைந்தர், அங்கேயே ஆடியவர். 2018-இல் முதல் சீசன் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. 2019 நவம்பரில் நான்கு வெற்றி, ஐந்து தோல்வி என்று நிற்கும்போது ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டி 2026 வரை கொண்டுபோனார்கள். இவர் ஜெயிக்கக்கூட இல்லை. போய்விடுவாரோ என்ற பயம் மட்டும் போதுமானதாக இருந்தது. 2021-இல் அணி மூன்று ஆட்டம்தான் ஜெயித்தது. அப்போது புதிய இயக்குநர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தார். சம்பளத்தை 50 லட்சத்திலிருந்து 40 லட்சமாகக் குறைத்தார். 2022 அக்டோபர் 1 முதல், நீக்கினால் கொடுக்க வேண்டிய பைஅவுட் தொகை 1.5 கோடியிலிருந்து 75 லட்சமாக இறங்கும் என்றும் எழுதி வாங்கினார்.

2022 செப்டம்பர் 10 அன்று லிங்கனில், பல மடங்கு சிறிய அணியான ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்றார்கள். மறுநாளே ஃப்ராஸ்ட் நீக்கப்பட்டார். மூன்று வாரம் பொறுத்திருந்தால் 75 லட்சம் டாலர் மிச்சம். பொறுக்க முடியவில்லை. நன்கொடையாளர்கள், ரசிகர்கள், டிவிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் அழுத்தம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஃப்ராஸ்ட்டின் கணக்கில் ஒன்று என்னை மிகவும் உறுத்தும். ஒரே ஸ்கோர் வித்தியாசத்தில், அதாவது எட்டுப் புள்ளிக்குள், முடிந்த ஆட்டங்களில் அவருக்கு 5 வெற்றி, 22 தோல்வி. அதில் எவ்வளவு பயிற்சிக் குறை, எவ்வளவு துரதிர்ஷ்டம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மைக்கு முன்னால் ஏழு வருட வாக்குறுதி கொடுப்பது எப்படிப் பொறுப்பான காரியம் ஆகும்?

இப்போது ஒப்பந்தத்துக்குள் இருக்கும் ஒரே ஒரு பத்தியைக் காட்டுகிறேன். சாதாரண ஊழியர் ஒருவரை ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே நீக்கினால், அவர் வேறு வேலை தேட வேண்டும், அங்கே கிடைக்கும் சம்பளத்தைப் பழைய முதலாளி தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்பது இந்த நாட்டில் பொதுவான முறை. கோச் ஒப்பந்தங்களில் இந்தப் பத்தி சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆபர்ன் பல்கலைக்கழகம் 2020 டிசம்பரில் கஸ் மால்சானை நீக்கியபோது சுமார் 2 கோடியே 14 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது, அதில் பாதியை முப்பது நாளுக்குள். கழித்துக்கொள்ளும் பத்தி கிடையாது. இரண்டே மாதத்தில் அவர் சென்ட்ரல் ஃப்ளோரிடாவில் வேலையில் சேர்ந்தார். ஆபர்னின் பாக்கி அப்படியே நின்றது.

பென் ஸ்டேட் 2025 அக்டோபர் 12 அன்று ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. முந்தைய சீசனில் தேசிய அரையிறுதி வரை கொண்டுபோனவர், தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றதும் வேலை போனது. தர வேண்டியது ஏறக்குறைய 4.9 கோடி. ஆனால் அவர் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தி இருந்தது. அடுத்த மாதமே வர்ஜீனியா டெக் அவரை எடுத்துக்கொண்டது, பென் ஸ்டேட் 90 லட்சத்தோடு கணக்கை முடித்தது. நான்கு கோடி டாலர் மிச்சம் ஆனதற்குக் காரணம், யாரோ ஒரு வக்கீல் எழுதிய சில வரிகள். இந்தப் பத்தியைக் கேட்டு வாங்குவதற்கு ஃபுட்பால் அறிவு எதுவும் வேண்டாம்.

சரி, கோச்சுகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரு தடவை வைத்துப் பார்த்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, ஒரு வகை உதவிப் பயிற்சியாளர்களுக்கு வருடத்துக்கு 16,000 டாலருக்கு மேல் கூடாது என்றது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். போட்டியைத் தடுக்கும் கூட்டுச் சதி என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. 1999-இல் 5.45 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். அன்றோடு அந்தக் கதவு மூடியது.

ஆனால் ஆடும் பிள்ளைகளுக்கு மட்டும் உச்சவரம்பு இருந்தது. கல்விச் செலவுக்கு மேல் பல்கலைக்கழகம் பணம் தரக்கூடாது என்ற விதி 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று ஆல்ஸ்டன் வழக்கில் தீர்ப்பளித்த பிறகுதான் ஆட்டம் காணத் தொடங்கியது. அதுவரை டிவி உரிமைப் பணம் வெள்ளமாக வந்தது, வீரர்களிடம் போக வழியில்லை. மடை ஒரு பக்கம் அடைத்திருந்தால் தண்ணீர் மறுபக்கம்தான் பாயும். அது கோச் சம்பளத்துக்கும் புதுக் கட்டடங்களுக்கும் பாய்ந்தது. உடம்பை முறித்துக்கொள்ளும் இருபது வயதுப் பையனுக்கு ஒன்றும் இல்லை, அவனைச் சரியாக ஆட வைக்கவில்லை என்று நீக்கப்பட்டவருக்குக் கோடிகள். இதை எந்த நியாயத்தோடும் என்னால் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு வருமானத்தில் நேரடியாகப் பங்கு தரலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் வருட உச்சவரம்பு 2.05 கோடி டாலர். ஃபிஷரின் பைஅவுட் அதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல்.

நன்கொடையாளர்கள்தானே கட்டுகிறார்கள், உங்களுக்கு ஏன் வலிக்கிறது என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தில் கடன்காரராக நிற்பது பல்கலைக்கழகம். நன்கொடை வந்தாலும் வராவிட்டாலும் அது கட்டியாக வேண்டும். 2020-இல் அரிசோனா பல்கலைக்கழகம் கொரோனா நெருக்கடியில் ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. அதே வருடம் டிசம்பரில் அணி 70-7 என்று தோற்றதும் கெவின் சம்லினை நீக்கினார்கள். பைஅவுட் 73 லட்சம் டாலர். சம்பளம் வெட்டப்பட்ட ஒரு நூலக ஊழியர் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்?

கோச்சுகள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் வேலை சுலபமானது இல்லை. பதினெட்டு வயதுப் பையன்களின் முழங்காலை நம்பிப் பிழைப்பு. தலைமை கோச் போனால் உதவிப் பயிற்சியாளர்கள் குடும்பத்தோடு ஊர் மாற வேண்டும், அவர்களுக்கு ஏழு வருட உத்தரவாதம் எல்லாம் கிடையாது. நியாயமான பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

அதற்கு வழியும் இருக்கிறது. 2020-இல் மிச்சிகனில் ஜிம் ஹார்பா இரண்டு வெற்றி, நான்கு தோல்வி. நீக்கவும் இல்லை, பழையபடி விடவும் இல்லை. 2021 ஜனவரியில் புது ஒப்பந்தம் போட்டு ஏறக்குறைய 80 லட்சமாக இருந்த சம்பளத்தை 40 லட்சமாக்கினார்கள், ஜெயித்தால் போனஸ் என்றார்கள். அந்த வருடமே அவர் ஒஹாயோ ஸ்டேட்டை வென்று, பிரிவு சாம்பியன் பட்டமும் வாங்கினார். கிடைத்த போனஸை, கொரோனாவில் சம்பளம் வெட்டப்பட்ட தன் துறை ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவதாக அறிவித்தார். எதிரணியின் சைகைகளைத் திருடியதாக அவர் அணி மீது பின்னால் வந்த புகாரை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம்.

கடைசியாக லூசியானா. எல்எஸ்யூ என்கிற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2021-இல் பிரையன் கெல்லியைப் பத்து வருடம், 9.5 கோடி டாலர் என்று எடுத்தது. 2025 அக்டோபர் 25 அன்று சொந்த மைதானத்தில் நம்ம ஏ அண்ட் எம் அணியிடம் 49-25 என்று தோற்றார். மறுநாள் நீக்கம். பாக்கி சுமார் 5.4 கோடி. கவர்னர் ஜெஃப் லாண்ட்ரி கொதித்தார். நான்கே நாளில் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் வுட்வர்ட் பதவியை விட்டுப் போனார். 2017-இல் ஏ அண்ட் எம்மில் இயக்குநராக இருந்து ஃபிஷரின் முதல் ஒப்பந்தத்தைப் போட்டவரும் அவர்தான். கெல்லி நீதிமன்றம் போனார், கடைசியில் காரணமில்லாமல்தான் நீக்கினோம் என்று எல்எஸ்யூ எழுதிக் கொடுத்தது. தோற்பது ஒப்பந்தப்படி காரணம் ஆகாது, அதனால் பாக்கியைக் கட்டியாக வேண்டும். இத்தனை கோபத்துக்குப் பிறகு, ஐந்து வாரத்தில் லேன் கிஃபினை ஏழு வருடத்துக்கு, வருடம் சுமார் 1.3 கோடி டாலருக்கு எடுத்தார்கள்.

அதனால் கோபத்தை நம்ப வேண்டாம், கூட்டத்துக்குப் போவோம். மாநிலப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவை இங்கே ரீஜண்ட்ஸ் என்பார்கள். டெக்சஸில் சட்டப்படி அவர்கள் கூட்டம் பொதுவானது, நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வெளியாகிறது, கோச் ஒப்பந்தம் பொது ஆவணம், கேட்டால் தர வேண்டும். அணி ஜெயித்துக்கொண்டிருக்கும் ஒரு நல்ல நாளில் ஒப்பந்த நீட்டிப்பு அந்த நிரலில் வரும். அன்றைக்கு எழுந்து கேளுங்கள்: இவரை வேறு யார் நிஜமாகவே கேட்டார்கள்? நாளை நீக்கினால் மொத்தம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு? புது வேலைச் சம்பளத்தைக் கழிக்கும் பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது? ஒவ்வொரு உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயரோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் அவர்களை நியமிப்பவர் கவர்னர். அந்தக் கவர்னர் உங்களிடம் ஓட்டுக் கேட்டு வருவார்.