ஐந்து வாரத்தில் முடிந்துவிடும் பருவம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ரக்பி என்றதும், கொழும்பிலும் கண்டியிலும் பள்ளி ஆட்டம் பார்த்தவர்களுக்கு 15 பேர் கொண்ட அணிதான் கண்ணில் நிற்கும். அது யூனியன். இன்று பேசப்போவது 13 பேர் ஆடும் ரக்பி லீக். 1895இல் இங்கிலாந்தில் பிரிந்து தனியாக வளர்ந்த ஆட்டம் இது. சிட்னியில் 1908 முதல் போட்டியாக நடக்கிறது. பந்து கையிலிருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்; அதாவது பந்தோடு ஓடுபவனை எதிரணி ஆறுமுறை பிடித்து நிறுத்தும்வரைதான் பந்து அவர்களுக்கு. அதற்குள் கோட்டைத் தாண்டவில்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது ட்ரை. அதற்கு 4 புள்ளி, அதற்குப் பின் பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலே உதைத்தால் 2. இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு வெளியே உள்ள வட்டாரங்களின் இளையோருக்கு இரண்டு கோப்பைகள் உண்டு. 16 வயதுக்கு உட்பட்டோருக்கு ஆண்ட்ரூ ஜான்ஸ் கோப்பை, 18க்கு உட்பட்டோருக்கு லாரி டேலி கோப்பை. பெயர் தந்த இருவருமே லீக்கின் முன்னாள் நட்சத்திரங்கள், சிற்றூர்ப் பிள்ளைகள். ஜான்ஸ் செஸ்நாக் என்ற நிலக்கரி ஊரிலிருந்து வந்தவர், டேலி வாகா வாகாவுக்குப் பக்கத்தில் உள்ள ஜூனியிலிருந்து. சிற்றூரில் பிறந்தாலும் உச்சிக்கு வரலாம் என்று ஆடவரும் பையனுக்குக் கோப்பையின் பெயரே சொல்லிவிடுகிறது. ரிவெரினா புல்ஸ், வெஸ்டர்ன் ராம்ஸ், மொனாரோ கோல்ட்ஸ், நார்த் கோஸ்ட் புல்டாக்ஸ் என்று அணிகள் வட்டாரப் பெயரோடு இறங்குகின்றன. வட்டாரம் என்றால் நம் தாலுகா அளவு என்று நினைத்துவிடாதீர்கள். ராம்ஸின் நிலப்பரப்பில் பாதர்ஸ்டிலிருந்து டப்போவுக்கே சுமார் 200 கிலோமீட்டர். பயிற்சிக்கு வரும் பையனின் பெற்றோர் அரை நாளைச் சாலையிலேயே கழிக்கிறார்கள்.

பத்து அணிகளை வடக்கு, தெற்கு என ஐந்தைந்தாகப் பிரித்து நடத்தும் பருவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் ஒவ்வோர் அணியும் மற்ற நான்கோடும் ஒருமுறை ஆட வேண்டும். ஐந்து ஒற்றைப்படை எண் என்பதால் வாரம் ஓர் அணி சும்மா இருக்கும். ஆக ஐந்து வாரம், நான்கு ஆட்டம், ஒரு ஓய்வு. அதற்குப்பின் நாக் அவுட். இந்தக் குறுகிய கணக்கைப் புரிந்துகொள்ளாத பயிற்சியாளர், நல்ல பையன்களை வைத்துக்கொண்டே தோற்றுப்போகிறார்.

முதலில் தலைக்காயம். ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன சொல்கிறது? மூளையதிர்ச்சி ஏற்பட்ட 19 வயதுக்கு உட்பட்டவர் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்த பிறகே மோதல் பயிற்சிக்குத் திரும்பலாம்; அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழித்தே ஆட்டத்துக்குத் திரும்பலாம். வாரம் ஒரு சுற்று என்று வைத்து எண்ணிப் பாருங்கள். முதல் சுற்றில் அடிபட்டவனுக்கு இரண்டாவது 7ஆம் நாள், மூன்றாவது 14ஆம் நாள், நான்காவது 21ஆம் நாள். தலைவலி நான்கு நாளில் தீர்ந்தால் 18ஆம் நாள் மோதல் பயிற்சி, நான்காம் சுற்றில் இறங்கலாம். எட்டு நாள் நீடித்தால் 22 ஆகிவிடும், நான்காவதும் போயிற்று. இரண்டாம் சுற்றில் அடிபட்டவனுக்கோ, எல்லாம் சரியாக நடந்தாலும் ஐந்தாவதுதான் மிச்சம்.

இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது. "பருவமே முடிஞ்சிடுமே, எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்பான் பையன். சிட்னி கிளப்புகளின் ஆள் தேர்வாளர்கள் வேலிக்கு வெளியே நிற்பதை அவன் பார்த்திருக்கிறான். பதினாறு வயதுப் பையனிடம் போய் "நீ சரியா இருக்கியா?" என்று கேட்டு முடிவெடுப்பது முறையே அல்ல. முடிவு மருத்துவருடையது. பயிற்சியாளரின் வேலை, ஆட்டத்தை நடத்தும் இடங்களான ஹூக்கருக்கும் ஹாஃப்பேக்குக்கும் மாற்று ஆளை முதல் ஆட்டத்துக்கு முன்பே பழக்கி வைத்திருப்பது. மாற்று ஆள் தயாராக இருந்தால் காயத்தை மறைக்கச் சொல்லும் அழுத்தம் பாதி குறைந்துவிடும்.

அடுத்தது வெயில். குளிர்காலம் ஊர்க் கிளப்புகளுக்கு உரியது. அதனால் இந்தப் போட்டி பிப்ரவரியில், அங்கே கோடை முடியாத நாளில் தொடங்குகிறது. லீக்கில் ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும், பிடிபட்டவனுக்கு நேரெதிரே நிற்கும் இரண்டு மார்க்கர்களைத் தவிரத் தடுக்கும் அணி முழுதும் 10 மீட்டர் பின்வாங்கி, மறுபடி முன்னே ஓடிவர வேண்டும். ஆறு டேக்கிளுக்கு இப்படி ஓடித் தடுத்துவிட்டுக் கிடைத்த பந்தை, வேர்த்த கையோடு இரண்டாவது டேக்கிளிலேயே நழுவவிட்டால்? மூச்சு வாங்குவதற்குள் இன்னும் ஆறு. கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் மைதானங்களில் அணிகள் கடைசிப் பத்து நிமிடத்தில் சரிவது பெரும்பாலும் இப்படித்தான். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீரை அடுத்த சில மணி நேரத்தில் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். 80 கிலோ பையன் 1.6 கிலோ இழந்தாலே இரண்டு விழுக்காடு. கால் மட்டுமல்ல, கவனமும் தளரும்.

மூன்றாவது, பேச்சு. வாராவாரம் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிய ஊர்ப் பையன்கள்தான் இங்கே ஒரே சட்டை போடுகிறார்கள். ஒரு கிளப்பில் பந்துக்குப் பக்கத்தில் நின்று தடுப்பவர்களை ஏ, பி, சி என்று அழைத்துப் பழகியிருப்பார்கள். இன்னொன்றில் எண் சொல்வார்கள். ஒரு கிளப் பக்கவாட்டில் நகர்ந்து தடுக்கும், மற்றொன்று முன்னேறி மறிக்கும். ஓரத்துக்குப் பக்கமாக நிற்கும் சென்டர் மறிக்கப் போய், உள்ளே நிற்பவன் நகர்ந்துகொண்டிருந்தால் இருவருக்கும் நடுவில் ஒரு கதவே திறந்துவிடும். முதல் சுற்றில் விழும் ட்ரைகளில் இந்தக் கதவு வழியாக வருபவை ஏராளம். முதல் பயிற்சி நாளிலேயே சொற்களை ஒன்றாக்குங்கள். ஆட்ட உத்திகளைக் குறைவாக வைத்து, அவற்றையே திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.

கடைசியாகப் புள்ளிப் பட்டியல். நான்கே ஆட்டம் என்றால் மூன்று வெற்றியோடு இரண்டு அணிகள் சமமாக நிற்பது எளிதில் நடக்கும். அப்போது பிரிப்பது அடித்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம். ட்ரை எங்கே வைக்கப்பட்டதோ அதற்கு நேர்கோட்டில்தான் கன்வெர்ஷன் என்னும் அந்த இரண்டு புள்ளி உதையை உதைக்க வேண்டும். மூலையில் வைத்தால் உதைப்பவனுக்குக் கோணமே இருக்காது. ஆளில்லாத இடத்தில் கோட்டைத் தாண்டியவன் உடனே விழாமல் கம்பத்தை நோக்கி நாலடி ஓட வேண்டும் என்று முதல் வாரமே பழக்குங்கள். 16 புள்ளி முன்னணியில் இருக்கிறீர்கள், மூன்று நிமிடம் மிச்சம், எதிரணியின் தவறுக்காகக் கம்பத்துக்கு நேரே பெனால்டி கிடைக்கிறது; அதை உதைத்துப் போட்டாலும் 2 புள்ளி. கூட்டம் இன்னொரு ட்ரை கேட்டுக் கத்தும். லீக்கில் புள்ளி விட்ட அணிதான் மறுபடி உதைத்துத் தொடங்கும்; பந்து உங்களிடமே திரும்பி வரும். கம்பத்தைக் காட்டி, அந்த இரண்டை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.