விற்க விற்க நஷ்டம்: டூபான்ட்டுக்கு வந்த வினை திருப்பூருக்கும் வருமா?

சரக்கு நன்றாகப் போகிறது. போகப் போக நஷ்டமும் ஏறுகிறது. முதல் உலகப்போர் முடிந்த சமயம், அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி பெயின்ட் விற்று இப்படித்தான் மாட்டிக்கொண்டது. வணக்கமுங்க, என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம்.

டூபான்ட் அடிப்படையில் வெடிமருந்து கம்பெனி. உற்பத்திக்கு ஒரு துறை, விற்பனைக்கு ஒரு துறை. டன் கணக்கில் வாங்கும் சில பெரிய ஆட்களுக்கு விற்றவரை அது கச்சிதம். போருக்குப் பின் வெடிமருந்துத் தேவை சரியும் என்று தெரிந்து பெயின்ட், சாயம் என்று இறங்கினார்கள். டப்பா டப்பாவாகக் கடைக்குப் போக வேண்டிய பெயின்ட்டையும் அதே விற்பனைத் துறையிடம் கொடுத்தார்கள். விளங்குமா? 1921-ல் சரக்குக்கு ஒரு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் தனி உற்பத்தி, தனி விற்பனை, லாப நஷ்டத்துக்குத் தனிப் பொறுப்பாளர் என்று மாற்றினார்கள். ஆல்ஃபிரட் சாண்ட்லர் என்ற வரலாற்றாசிரியர் 1962-ல் இதை அலசிச் சொன்னது: வியூகம் முதலில், அமைப்பு அதன் பின்னால். மேட்ரிக்ஸ் என்றும் ஒரு அமைப்பு உண்டு. ஒரு ஆளுக்கு இரண்டு பாஸ், திட்டும் இரண்டு மடங்கு. தியரி போதும், நம்ம ஊருக்கு வாங்க.

திருப்பூரில் ஒருவர் டி-சர்ட் ஆர்டர் பிடிக்கிறார். நூல் வாங்கி நிட்டிங்குக்கு ஒரு இடம், டையிங்குக்கு ஒரு இடம், துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், பிரிண்டிங் வேறு வேறு இடம். கட்டிங் சொந்தக் கம்பெனியில். தைக்க ஆள் பத்தாவிட்டால் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள்காரருக்கு ஜாப் ஒர்க். அப்புறம் செக்கிங், அயர்னிங், பேக்கிங். இத்தனைக்கும் பாஸ் யார்?

யாருமில்லை! மெர்ச்சண்டைசர் என்று ஒருவர் இருக்கிறார். டையிங்காரர் அவருக்குக் கீழே வேலை செய்பவர் அல்ல, பவர்டேபிள்காரரும் அல்ல. ஆனால் அந்த ஆர்டர் அவர் தலையில். சாயம் ஏறி வந்த துணியில் ஒரு துண்டு வெட்டி, பையர் ஓகே செய்த ஷேடுக்குப் பக்கத்தில் வைத்து லைட் பாக்ஸுக்குள் பார்ப்பார். கொஞ்சம் சிவப்பு தட்டினால்கூட லாட் திரும்பிப் போகும். தேதி தவறினால் கப்பலுக்குப் பதில் விமானம். அந்தச் செலவு நம்முடையது. அதனால்தான் அவர் சாப்பிடும்போதும் போன் காதில் இருக்கும்.

கன்சல்டன்ட் யாராவது இதைக் கட்டம் போட்டு வரையச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். எனக்கு இது அற்புதமான அமைப்பு. டிசைன் பையருடையது, நாம் ஜெயிப்பது விலையிலும் தேதியிலும். ஆர்டர் குறைந்த மாதத்தில் சும்மா நிற்கும் டையிங் மெஷினுக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவை விட்டு நொய்யல் ஆற்றை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததற்கு அது வர வேண்டிய உத்தரவுதான். ஆனால் சொந்தமாகச் சாயப்பட்டறை இல்லாதவரும் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியூருக்கு அலைந்தார்.

இப்போது அதே முதலாளி சொந்த பிராண்டில் பனியன், ஜட்டி விற்கக் கிளம்புகிறார். எக்ஸ்போர்ட்டில் கண்டெய்னர் ஏறியதும் மெர்ச்சண்டைசருக்கு மூச்சு வரும். பிராண்டில் பெட்டி கிளம்பிய பிறகுதான் வேலையே ஆரம்பம். மதுரை டிஸ்ட்ரிபியூட்டரிடம் எந்த சைஸ் தேங்கியது, ரிட்டர்ன் எவ்வளவு, விளம்பரத்துக்கு யார் பணம்? இதை எக்ஸ்போர்ட் ஆளிடம் 'சேர்த்துப் பார்த்துக்கோ தம்பி' என்று கொடுத்தால் ஷிப்மென்ட் நெருங்கும் வாரம் மதுரை போனை யாரும் எடுக்க மாட்டார்கள். டூபான்ட் பெயின்ட் கதைதான். பிராண்டுக்குத் தனி ஆள், தனிக் கணக்கு, தனி ஸ்டாக் வையுங்கள். தையல் வேண்டுமானால் ஒரே இடத்தில் நடக்கட்டும்.

பக்கத்திலேயே இன்னொரு அமைப்பும் இருக்கிறது: பல்லடம் கறிக்கோழியில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், தனி வீடியோ போடலாம். பிராண்டை மச்சான் கையில் கொடுத்திருப்பவர்கள் கமென்ட்டில் அனுபவத்தைச் சொல்லுங்கள். பேர் போட வேண்டாம், வீட்டில் பார்ப்பாங்க.